வலி போனதும் ஓடலாமா?

2019 ஆகஸ்ட் 1 அன்று எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் ஆஷஸ் கிரிக்கெட் தொடரின் முதல் டெஸ்ட் தொடங்கியது. இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆண்டர்சன் நான்கு ஓவர் வீசி ஒரே ஒரு ரன் கொடுத்திருந்தார். அத்தோடு அந்தத் தொடரில் அவருடைய பந்துவீச்சு முடிந்துபோனது. ஒரு மாதத்துக்கு முன் கவுன்டி ஆட்டமொன்றில் கிழிந்த அதே வலது கெண்டைக்கால் மறுபடி வலித்தது. நான்காவது டெஸ்டுக்குள் திரும்பிவிட நினைத்து லங்காஷயரின் இரண்டாம் அணிக்காக ஆடிப் பார்த்தார். அங்கும் வலி வந்தது. தொடரிலிருந்தே விலக நேர்ந்தது. அப்போது அவருக்கு 37 வயது.

தேர்ந்த மருத்துவக் குழு எப்போதும் பக்கத்தில் இருக்கும் ஒருவருக்கே இப்படி என்றால், விடியற்காலையில் தனியாக ஓடிப் பழகும் கல்லூரி மாணவருக்கும், காவலர் தேர்வுக்குத் தயாராகும் பெண்ணுக்கும், மாலையில் கபடி ஆடும் இளைஞருக்கும், நாற்பது வயதுக்கு மேல் மாரத்தான் ஆசை வந்தவருக்கும் இது எவ்வளவு எளிதாக நடக்கும்! பெரும்பாலும் அவர்கள் செய்வது ஒன்றே. தைலம் தடவுவார்கள், இரண்டு நாள் ஓய்வெடுப்பார்கள், வலி குறைந்ததும் பழைய வேகத்தில் ஓடத் தொடங்குவார்கள்.

இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தச் சுழலில் சிக்காமல் இருக்கலாம். கெண்டைக்கால் வலிக்குப் பல காரணங்கள் உண்டு, காரணத்துக்குக் காரணம் வைத்தியம் மாறும் என்பது முதலாவது. வலி போவது வேறு, சதை மீண்டும் ஓடத் தயாராவது வேறு என்பது இரண்டாவது.

உள்ளே என்ன இருக்கிறது?

முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் தொட்டால் உருண்டையாகத் தெரியும் மேல்சதைக்கு காஸ்ட்ரோக்னீமியஸ் என்று பெயர். தொடை எலும்பின் அடிப்பகுதியில் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு தலைகளோடு அது தொடங்குகிறது. அதற்கு அடியில் தட்டையாக, அகலமாகப் படிந்திருப்பது சோலியஸ். இது முழங்காலுக்குக் கீழேதான் தொடங்குகிறது. இரண்டும் கீழே ஒன்றுசேர்ந்து குதிநாணாகி, குதிகால் எலும்பில் போய்ப் பதிகின்றன. அக்கிலீஸ் என்று எல்லோரும் சொல்லும் அந்த நாண்தான் உடம்பிலேயே தடித்ததும் வலுவானதும்.

இந்த அமைப்பிலிருந்தே பாதி விளக்கம் கிடைத்துவிடும். மேல்சதை முழங்கால், கணுக்கால் என்ற இரண்டு மூட்டுகளைக் கடந்து போகிறது. முழங்கால் விறைப்பாக நீண்டிருக்க, பாதம் மேல்நோக்கி மடங்கினால் அது இரண்டு முனையிலும் இழுபடும். அந்த நொடியில் தரையை உதைத்துப் பாய்ந்தால் கிழியும். நாற்காலியிலிருந்து எழுந்ததும் திடீரென்று ஓடுவதும், டென்னிஸில் பந்தை எட்டிப் பிடிக்கப் பாய்வதும், கபடியில் கோட்டைத் தொட உதைப்பதும் இந்த நிலைதான்.

சோலியஸின் வேலை வேறு. சீக்கிரம் களைக்காத நார்கள் அதில் அதிகம். நிற்பதற்கும், நடப்பதற்கும், நெடுந்தூரம் ஓடுவதற்கும் அதுதான் ஆதாரம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் அது தாங்கும் விசை உடல் எடையைப்போல் ஆறு மடங்குக்கும் மேல் போகலாம் என்று கணினி மாதிரிகளை வைத்துக் கணித்திருக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 360 கிலோ. ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஒரு காலுக்குச் சுமார் 500 அடி. ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவரின் சோலியஸ் அந்தச் சுமையை 2,500 முறை தாங்குகிறது. வலு குறைந்த சதையை வைத்துக்கொண்டு தூரத்தை மட்டும் கூட்டினால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

பிடிப்பும் மறுநாள் வலியும்

ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் சதை கல்லாக இறுகி, காலை அசைக்கவே முடியாமல் போவது தசைப்பிடிப்பு. உப்பும் தண்ணீரும் குறைவதால்தான் வருகிறது என்று பலகாலம் நம்பிவந்தார்கள். வியர்வை நிறைய வடியும் நம் ஊர் வெயிலில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் களைத்த தசைக்கும் நரம்புக்கும் இடையிலான கட்டுப்பாடு குலைவதே முக்கியக் காரணம் என்று இப்போது பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2010இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. மின் தூண்டலால் வரவழைத்த பிடிப்பு, வெள்ளரிக்காய் ஊறுகாயின் புளித்த நீரைக் குடித்தவர்களுக்கு வெறும் தண்ணீர் குடித்தவர்களைவிடச் சீக்கிரம் தளர்ந்தது. அந்த உப்பு ரத்தத்தில் சேர்வதற்கு முன்பே பிடிப்பு விட்டுவிட்டது. வாய், தொண்டை வழியே நரம்புக்குப் போன செய்திதான் பிடிப்பைத் தளர்த்தியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நரம்பின் பங்குக்கு இன்னோர் உதாரணம்: 2023 பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸ் அரையிறுதியில் ஜோகோவிச்சோடு ஆடியபோது 20 வயது அல்கராஸுக்கு உடம்பெங்கும் பிடிப்பு வந்தது. மனப் பதற்றமே காரணம் என்று அவர் பிறகு சொன்னார்.

பிடிப்பு வந்தால் செய்ய வேண்டியது எளிது. உட்கார்ந்து முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியைக் கையால் பிடித்து மெல்ல உங்கள் பக்கம் இழுத்து, தளரும்வரை அப்படியே வைத்திருங்கள். நீண்ட நேரம் வியர்த்திருந்தால் உப்புப் போட்ட மோரோ, ஓ.ஆர்.எஸ். கரைசலோ குடிக்கலாம். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பது ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். இதற்காக மக்னீசியம் மாத்திரை விழுங்குவதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

புதிய பயிற்சி செய்த மறுநாள் இரண்டு காலிலும் பரவலாக வரும் வலி இன்னொரு வகை. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு, ஒரு வாரத்துக்குள் தானே அடங்கும். மேட்டிலிருந்து இறங்கி ஓடியபின்பு, நிறைய தாவிக் குதித்தபின்பு இது வரும். லேசான நடை, தூக்கம், நல்ல சாப்பாடு போதும்.

ஒரு காலில் மட்டும், குறிப்பிட்ட ஓர் இடத்தில், இரண்டு மூன்று நாளாகியும் விடாத வலியை இந்த இரண்டு கணக்கிலும் எழுதிவிடாதீர்கள்.

சதை கிழிந்தால்

பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல, அல்லது பந்தால் அடித்ததுபோல ஒரு சுளீர் வலி. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. மேல்சதை கிழிந்தவர்கள் பலரும் சொல்லும் வர்ணனை இது. பெரும்பாலும் உள்பக்கத் தலை குதிநாணோடு சேரும் இடத்தில் கிழிகிறது. 1883லேயே மருத்துவ ஏட்டில் பதிவான இந்தக் காயத்துக்கு ‘டென்னிஸ் கால்’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. சில நாளில் கணுக்கால் பக்கம் கருநீலமாக ரத்தக் கட்டு இறங்கும்.

சோலியஸ் கிழிவது இப்படிச் சத்தம் போட்டு வருவதில்லை. ஓட ஓடச் சதை ஆழத்தில் இறுகும். பிடிப்பு என்று நினைத்து நீவிவிட்டுத் தொடர்ந்து ஓடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே தூரத்தில் அது திரும்ப வரும். நெடுந்தூர ஓட்டக்காரர்கள் மாதக்கணக்கில் ‘டைட்டா இருக்கு’ என்று சொல்லிக்கொண்டிருப்பது பல நேரம் இதைத்தான்.

இரண்டில் எது என்று ஓரளவு வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலை நேராக வைத்துக் குதிகாலைத் தூக்குங்கள். பிறகு முழங்காலை மடக்கிக்கொண்டு தூக்குங்கள். நேராக வைக்கும்போது அதிகம் வலித்தால் மேல்சதையையும், மடக்கும்போது அதிகம் வலித்தால் சோலியஸையும் சந்தேகிக்கலாம். உறுதி செய்ய வேண்டியிருந்தால் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார்கள். சோலியஸ் ஆழத்தில் இருப்பதால் அதில் வரும் சிறு கிழிசல் அல்ட்ராசவுண்டில் தவறிவிடக்கூடும்.

கிழிசலை மூன்று நிலையாகப் பிரிப்பார்கள். சில நார்கள் மட்டும் அறுந்தது முதல் நிலை. பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரத்தில் சரியாகும். கணிசமான நார்கள் அறுந்து, நடப்பதே சிரமமானால் இரண்டாம் நிலை. நான்கு முதல் எட்டு வாரம் ஆகலாம். முழுதாக அறுந்து சதையில் பள்ளம் விழுவது மூன்றாம் நிலை. மூன்று நான்கு மாதம்வரை இழுக்கும். அறுவை சிகிச்சை அரிதாகவே தேவைப்படும்.

வயதும், முன்பு கெண்டைக்காலில் பட்ட காயமும்தான் மறுபடி கிழிவதற்கு முக்கியக் காரணங்கள் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆண்டர்சனிடம் இரண்டும் இருந்தன.

முதல் மூன்று நாள்

கிழிந்தவுடன் ஆட்டத்தை நிறுத்துங்கள். ‘சூடு ஏறினால் சரியாகிவிடும்’ என்று சொல்லி ஆட வைப்பது சிறு கிழிசலைப் பெரிதாக்கும் வழி. மீள் கட்டுத் துணியால் பாதத்திலிருந்து மேல்நோக்கிக் கட்டி, காலை உயரத்தில் வையுங்கள். விரல்கள் மரத்துப்போனாலோ நிறம் மாறினாலோ கட்டைத் தளர்த்த வேண்டும். வலி பொறுக்கும் அளவில் மெல்ல நடக்கலாம். காலணிக்குள் இரண்டு குதிகாலுக்கும் ஒரு சிறு திண்டு வைத்தால் சதை இழுபடுவது குறையும். நொண்டாமல் நடக்க முடியாவிட்டால் ஊன்றுகோல் எடுத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

ஐஸ் வைக்கலாமா? ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற நான்கையும் சேர்த்து ‘ரைஸ்’ என்று பெயர் சூட்டியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், ஆண்டு 1978. ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் அவரே எழுதினார். வலி தாங்க முடியாவிட்டால் முதல் நாளில் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைப்பதில் தவறில்லை. அது வலியை மரக்கச் செய்யும், கிழிசலை ஒட்ட வைக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நம் ஊரில் இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கால் வலி என்றதும் சுளுக்கு வழிப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிடும் பழக்கம் உண்டு. புதிதாகக் கிழிந்த சதையை முதல் சில நாளில் அழுத்தித் தேய்த்தால் உள்ளே ரத்தக் கசிவு கூடும். அந்த நாட்களில் சூடு ஒத்தடமும், இழுத்து நீட்டும் பயிற்சியும், மதுவும்கூட வேண்டாம். கெண்டைக்கால் வலி ரத்த உறைவால் வந்திருந்தால் நீவுவது உயிருக்கே ஆபத்தாகலாம். அதைக் கீழே பார்ப்போம்.

வலி மாத்திரை தேவைப்பட்டால் மருத்துவர் சொல்லும் அளவில், சில நாளுக்கு மட்டும். போட்டிக்கு முன் வலி ஊசி போட்டுக்கொண்டு இறங்குவது, எச்சரிக்கை மணியின் வாயை அடைத்துவிட்டு ஓடுவதாகும்.

சுமைதான் மருந்து

கூரைக்குக் கான்கிரீட் போட்டால் மறுநாளே காய்ந்ததுபோல் தெரியும். ஆனாலும் முட்டுப் பலகையை யாரும் பிரிப்பதில்லை. கிழிந்த சதையும் அப்படித்தான். வலி பத்து நாளில் போய்விடலாம், ஆனால் அந்த இடத்தில் உருவாகும் புதுத் திசு ஓட்டத்தின் சுமையைத் தாங்கும் அளவுக்கு உறுதியாக வாரங்கள் ஆகும். அந்த உறுதி ஓய்வால் மட்டும் வராது. அளவறிந்து, படிப்படியாகச் சுமை ஏற்றினால்தான் நார்கள் சரியான திசையில் அடுக்கி வளரும்.

முதல் படி, இரண்டு காலாலும் குதிகாலைத் தூக்கி இறக்குவது. அது வலியில்லாமல் வந்ததும் ஒற்றைக் காலில். பிறகு படிக்கட்டின் விளிம்பில் நின்று, குதிகால் படிக்குக் கீழே இறங்கும்படி. ஒவ்வொன்றையும் முழங்கால் நேராக ஒரு முறை, மடக்கி ஒரு முறை செய்ய வேண்டும். மடக்கிச் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சோலியஸ் வலுவடையாமல் போவதற்கு அதுவே காரணம். நாற்காலியில் உட்கார்ந்து, தொடைமேல் அரிசிப் பையையோ எடைத்தட்டையோ வைத்துக் குதிகாலைத் தூக்குவதும் சோலியஸுக்கு நல்ல பயிற்சி.

ஓடத் தொடங்குமுன் நான்கு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் வேகமாக நடந்தால் வலிக்கிறதா? ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்குவது அடிபடாத காலுக்குச் சமமாக வருகிறதா? ஆரோக்கியமான இளம் காலுக்கு ஏறத்தாழ 25 முறை என்பது பொதுவான அளவுகோல். ஒற்றைக் காலில் தொடர்ந்து குதித்தால் வலியோ பயமோ இருக்கிறதா? இவற்றைச் செய்த மறுநாள் காலையில் சதை இறுகியிருக்கிறதா? நான்கிலும் பதில் திருப்தியாக இருந்தால் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றித் தொடங்கலாம். முதலில் தூரத்தைக் கூட்டுங்கள், பிறகு வேகத்தை. முழு வேகப் பாய்ச்சலும், சட்டென்று திரும்புவதும், போட்டியும் கடைசியில்தான். ஓடத் தொடங்கிய பின்னும் குதிகால் பயிற்சியை நிறுத்தக்கூடாது.

குதிநாணின் கதை

காலையில் படுக்கையிலிருந்து எழுந்து முதல் சில அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேலே விறைப்பும் வலியும். கொஞ்சம் நடந்தால் தளரும். ஓடி முடித்தபின் மறுபடி வலிக்கும். நாணைக் கிள்ளிப் பார்த்தால் குதிகால் எலும்புக்கு இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே தடித்திருக்கும். இது குதிநாண் தேய்வு நோய். ஓய்வெடுத்தால் வலி குறையும், ஓடினால் திரும்பி வரும்.

இதற்கான வைத்தியத்தை மாற்றியவர் சுவீடனின் எலும்பு மருத்துவர் ஹாக்கன் ஆல்ஃப்ரெட்சன். படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சி: முழங்கால் நேராக 15 முறை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, நாளுக்கு இரு வேளை. ஆக நாளொன்றுக்கு 180 முறை, 12 வாரம். 1998இல் வெளியான ஆய்வில், நெடுநாள் வலியோடு இருந்த 15 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களும் 12 வாரத்துக்குப் பின் பழையபடி ஓடத் திரும்பினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அத்தனை பேருக்கும் அதே பலன் கிடைக்கவில்லை. ஆனால் நாணுக்கு மருந்து சுமைதான் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. அதிக எடையோடு, மெதுவாக, வாரம் மூன்று நாள் செய்யும் முறையும் ஈடான பலன் தருகிறது. லேசான வலியோடு இந்தப் பயிற்சியைச் செய்யலாம். மறுநாள் வலி கூடியிருக்கக்கூடாது என்பதே எல்லை.

குதிநாணில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ள அவசரப்படாதீர்கள். நாண் பலவீனமாகி அறுந்துபோகும் அபாயம் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் நாணைப் பாதிக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் இவற்றின் உறையில் கடும் எச்சரிக்கை போடச் சொன்னது. இந்த மருந்தை எடுக்கும்போது குதிகாலில் வலி தொடங்கினால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நாண் முழுதாக அறுந்தவரால்கூட நிற்கவும் சில அடி நடக்கவும் முடியும். 2013 ஏப்ரல் 12 அன்று கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் நாண் அறுந்த காலோடு நின்று இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டு, இரண்டையும் கூடையில் விழச் செய்தார். ஆகவே ‘நடக்க முடிகிறதே’ என்பது ஆறுதல் ஆகாது. குப்புறப் படுக்க வைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி கெண்டைச் சதையை அமுக்கிப் பாருங்கள். பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசையாவிட்டால் நாண் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சை செய்யலாம், அல்லது பாதத்தைக் கீழ்நோக்கி வைக்கும் சிறப்புக் காலணியோடு முறையாகப் பயிற்சி தரலாம். 2022இல் நார்வேயில் 526 பேரிடம் நடத்திய ஆய்வில் ஓராண்டு கழித்து இரு வழியிலும் காலின் செயல்பாடு ஒரே அளவில் இருந்தது. ஆனால் அறுவை செய்யாதவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு நாண் மறுபடி அறுந்தது. செய்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. எது பொருத்தம் என்பதை வயதையும் விளையாட்டையும் பார்த்து மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம் முதல் ஓராண்டுவரை ஆகும் என்று எதிர்பார்க்கலாம்.

சதைக்கும் நாணுக்கும் உள்ள உறவைக் கூடைப்பந்து வீரர் கெவின் டுரான்ட்டின் காயம் யோசிக்க வைக்கிறது. 2019 மே 8 அன்று அவருடைய வலது கெண்டைக்காலில் காயம். ஜூன் 10 அன்று அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதித் தொடரில் திரும்பி ஆடினார்; அதே ஆட்டத்தில் வலது குதிநாண் அறுந்தது. அடுத்த பருவம் முழுதும் அவர் ஆடவில்லை. முதல் காயம்தான் இரண்டாவதற்குக் காரணம் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் சதையும் நாணும் ஒரே சங்கிலி. ஒன்று வலுவிழந்தால் அந்தச் சுமை எங்காவது போய்ச் சேரத்தான் செய்யும்.

ஓடினால் மட்டும் வரும் வலி

உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் இல்லை. ஓடத் தொடங்கிக் குறிப்பிட்ட நேரத்தில், தவறாமல், கால் வெடித்துவிடும்போல் இறுகும், பாதம் மரத்துப்போகலாம். நின்றுவிட்டால் சற்று நேரத்தில் அடங்கும். காலின் தசைகள் விரியாத உறைகளுக்குள் அறை அறையாக இருக்கின்றன. உழைக்கும் தசை உப்பும்போது சிலருக்கு அந்த அறையில் அழுத்தம் அளவுக்கு மீறி ஏறுவதால் வரும் வலி இது. ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஊசி வைத்து அழுத்தத்தை அளந்து உறுதி செய்வார்கள். ஓடும் முறையை மாற்றியும் தீராவிட்டால் உறையைக் கீறிவிடும் அறுவை சிகிச்சை உண்டு.

இதே மாதிரி வலியோடு பாதம் வெளிறிச் சில்லிட்டால் முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக் குழாய் தசையால் நெரிபடுகிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரணமாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் ஸ்கேனில் இது தெரியாமல் போகலாம். பாதத்தை அழுத்தச் சொல்லி எடுத்தால்தான் தெரியும்.

வலி சதையில் இல்லாமல் முன்னங்கால் எலும்பின் உள்விளிம்பில் நீளமாக இருந்தால் அது எலும்புறை சார்ந்த வலி. பயிற்சியைத் திடீரென்று கூட்டியவர்களுக்கு வரும். ஒரே புள்ளியில் விரல் வைத்தால் துள்ளும் வலி, இரவிலும் வலி என்றால் எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். தொடக்கத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாது. பெண் வீரர்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோடு இந்த வலியும் சேர்ந்தால், உழைப்புக்கு ஏற்ற உணவு உடம்புக்குக் கிடைக்கவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். பயிற்சியாளர்கள் இதைக் கேட்கத் தயங்கக்கூடாது. வீராங்கனைகள் சொல்லத் தயங்கும்படி சூழலும் இருக்கக்கூடாது.

இடுப்பிலிருந்து பின்தொடை வழியாக மின்சாரம் பாய்வதுபோல் வலி இறங்கினால் மூலகாரணம் முதுகுத்தண்டில் இருக்கலாம். வலியில்லாமலே ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்க வலு இல்லையென்றால் நரம்பைப் பரிசோதிக்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவை

2025 மார்ச்சில் என்.பி.ஏ. வீரர் டேமியன் லில்லார்டின் வலது கெண்டைக்காலில் ஆழ்சிரை ரத்த உறைவு இருப்பது தெரியவந்தது. உடல் வலிமையின் உச்சத்தில் இருப்பவருக்கும் இது வரும். நெடும் பயணம், சமீபத்திய அறுவை சிகிச்சை, கட்டுப் போட்டு அசையாமல் வைத்த கால், கருத்தடை மாத்திரை, குடும்பத்தில் முன்பு யாருக்காவது இருந்தது ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். அடிபட்ட நினைவே இல்லாமல் ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, ஓய்விலும் வலித்தால் சந்தேகிக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே தொட்டால் தெரியும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே, இரண்டு காலின் சுற்றளவையும் டேப்பால் அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் வேண்டும். வித்தியாசம் குறைவு என்பதற்காக மற்ற அறிகுறிகளை ஒதுக்கிவிடவும் கூடாது. உறைந்த ரத்தம் பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் வரும். அப்போது 108க்கு அழைப்பதைத் தவிர வேறு யோசனை கூடாது.

கால் பலமாக அடிபட்டபின் வலி நிமிடத்துக்கு நிமிடம் கூடி, மாத்திரைக்கும் அடங்காமல், விரலை அசைத்தாலே துடித்தால் தசை அறையில் அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் தசை செத்துவிடும். கடும் பயிற்சிக்குப் பின் சதை வீங்கி, சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது, அதுவும் அவசரம்தான்.

வராமல் காக்க

குதிகால் பயிற்சியை வாரம் இரண்டு நாள், காயம் இல்லாதபோதும் செய்யுங்கள். தூரம், வேகம், மேடு, காலணி இவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். குதிப்பகுதி தடித்த காலணியிலிருந்து தட்டையான காலணிக்கோ, ஸ்பைக்ஸுக்கோ, வெறுங்காலுக்கோ மாறினால் கெண்டைச் சதையின் வேலை திடீரென்று கூடும். கடற்கரை மணலில் குதிகால் புதைவதாலும் அப்படித்தான். வாரத்துக்குச் சிறிது நேரமாகத் தொடங்கிப் பழக்கலாம். ஆட்டத்துக்கு முன் நடந்து, மெல்ல ஓடி, சில முறை தாவி உடம்பைச் சூடேற்றுங்கள். உட்கார்ந்து இருந்துவிட்டு நேராகப் பாயாதீர்கள். நாற்பதைக் கடந்தவர்கள் இவற்றுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும்.

மருத்துவரிடம் என்ன சொல்வது?

ஒரு வாரத்தில் குறையாத வலிக்கும், திரும்பத் திரும்ப வரும் வலிக்கும் விளையாட்டு மருத்துவரையோ எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். போகுமுன் ஐந்து விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: வலி திடீரென்று வந்ததா, மெல்ல வந்ததா; விரலால் காட்டினால் எந்த இடம்; எது செய்தால் கூடுகிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது; கடந்த ஒரு மாதத்தில் பயிற்சியிலோ காலணியிலோ என்ன மாற்றம்; என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். ஸ்கேனுக்கு முன்பே பாதிக் கண்டுபிடிப்பு இந்த ஐந்து பதிலில் கிடைத்துவிடும்.

பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ‘வலி போயிடுச்சா?’ என்ற கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் காலால் ஒற்றையாக நின்று குதிகாலைத் தூக்கச் சொல்லுங்கள். மற்றக் காலுக்குச் சமமாக எண்ணிக்கை வரும்வரை அணியில் இடம் காத்திருக்கட்டும். ஒரு போட்டியைத் தவறவிட்டால் அடுத்த போட்டி வரும். அவசரத்தில் மறுபடி கிழிந்த கால் ஒரு பருவத்தையே விழுங்கிவிடும்.